பம்பிங் குறைந்த இதயத்துக்கு வால்வு ஆபரேஷன்: அதற்கு முன் என்னென்ன பார்க்க வேண்டும்? முழுமையான வழிகாட்டி

அப்பாவின் எக்கோ ரிப்போர்ட்டை வாங்கிய அன்று எனக்குப் புரிந்தது ஒரே வரிதான்: இ.எஃப்., அதாவது இதயத்தின் பம்பிங், 30 சதவீதம். ஒரு இடத்தில், "வால்வு சுமாராகத்தான் சுருங்கியிருக்கிறது, இதயத் தசைதான் பலவீனம், மாத்திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். அதே மாதம் இன்னொரு இடத்தில், "வால்வு ரொம்பவே சுருங்கிவிட்டது, மாற்றியாக வேண்டும்" என்றார்கள். இரண்டு பேரும் பார்த்தது ஒரே இதயத்தைத்தான்.

அந்தக் குழப்பம் தீர ஆறு வாரம் ஆனது. அந்த ஆறு வாரத்தில் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதை, இதே நிலையில் நிற்கும் குடும்பங்களுக்காக எழுதுகிறேன். சிகிச்சையை முடிவு செய்வது உங்கள் டாக்டர்தான். ஆனால் எந்தப் பரிசோதனை எதற்காக என்று தெரிந்திருந்தால் சரியான கேள்வியை நீங்கள் கேட்க முடியும்.

பாரவண்டி இழுத்த மாடு நடுவழியில் படுத்துவிட்டால் வண்டிக்காரர் இரண்டு விஷயம் பார்ப்பார். பாரம் தாங்காமல் படுத்ததா, மாட்டுக்கே சீக்கா? பாரத்தை இறக்கினால் எழுந்து நிற்குமா? வால்வு பழுதும் பலவீனமான இதயமும் சேர்ந்து வந்தால் டாக்டர்கள் தேடுவதும் இந்த இரண்டு பதில்களைத்தான். கீழே வரும் எல்லாப் பரிசோதனையும் அதற்காகத்தான்.

படி 1: எந்த வால்வு, என்ன பழுது

இதயத்தின் இடது பக்கத்தில் இரண்டு வால்வுகள். நுரையீரலிலிருந்து வரும் ரத்தம் மைட்ரல் வால்வு வழியாக இடது கீழறைக்குள் இறங்குகிறது. அங்கிருந்து அயோர்ட்டிக் வால்வு வழியாக உடம்புக்குப் போகிறது. வால்வு சரியாகத் திறக்காவிட்டால் சுருக்கம். சரியாக மூடாவிட்டால் கசிவு, பேச்சுவழக்கில் லீக்.

இந்த நான்கில் எது என்பதைப் பொறுத்து மற்ற எல்லாமே மாறும். அயோர்ட்டிக் சுருக்கத்தில் கீழறை அடைபட்ட வழியை எதிர்த்துத் தள்ளுகிறது, அதனால் தசை தடிக்கிறது. கசிவில் அதே ரத்தத்தைத் திரும்பத் திரும்பச் சுமக்கிறது, அதனால் அறை விரிகிறது. மைட்ரல் சுருக்கம் நம் ஊரில் பெரும்பாலும் சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலின் மிச்சம். அதில் இடது கீழறை பெரும்பாலும் தப்பித்துவிடும், அடி வாங்குவது நுரையீரலும் வலது பக்கமும்தான். ரிப்போர்ட்டைக் கையில் எடுத்ததும் முதலில் இதைக் கண்டுபிடியுங்கள்.

படி 2: இ.எஃப். எண்ணை நிதானமாகப் படியுங்கள்

நாம் பம்பிங் என்று சொல்வது இந்த எண்ணைத்தான். கீழறை நிறைந்திருக்கும்போது உள்ள ரத்தத்தில் எத்தனை சதவீதத்தை ஒரு துடிப்பில் வெளியே தள்ளுகிறது என்பது கணக்கு. 100 தான் முழு மார்க் என்று நினைத்து 55-ஐப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. நல்ல இதயத்துக்கே 55 முதல் 70 வரைதான் இருக்கும்.

இது விகிதம் மட்டுமே, இதயத்தின் முழு பலத்தைச் சொல்லும் எண் இல்லை. விரிந்த இதயம் ஒன்றில் 200 மில்லி ரத்தம் இருக்கிறது, இ.எஃப். 30 என்றால் ஒரு துடிப்புக்கு 60 மில்லி வெளியேறுகிறது. தடித்துச் சிறுத்த இதயத்தில் 80 மில்லிதான் இருக்கிறது, இ.எஃப். 55 என்றாலும் 44 மில்லிதான் போகிறது. எண்ணை மட்டும் பார்த்தால் இரண்டாவது ஆள் நலம். உடம்புக்குக் கிடைக்கும் ரத்தத்தைப் பார்த்தால் கதையே வேறு. அதனால்தான் நல்ல எக்கோ ரிப்போர்ட்டில் ஒரு துடிப்பில் வெளியேறும் ரத்தத்தின் அளவும் எழுதப்பட்டிருக்கும். உடல் பரப்பில் ஒரு சதுர மீட்டருக்கு 35 மில்லிக்குக் கீழே போனால் அதைக் குறைந்த ஓட்டம் என்கிறார்கள். அப்பாவுக்கு அது 28.

ஒரே ஆளை இரண்டு பேர் எக்கோ பார்த்தால் இ.எஃப். ஐந்து புள்ளி முன்பின் வருவது சகஜம். 33, 28 என்று இரண்டு ரிப்போர்ட் வந்தால் இதயம் மோசமாகிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள். ஒரே கோட்டில் அளந்து கணக்கிடும் பழைய முறை, சுவரின் ஒரு பகுதி மட்டும் அசையாத இதயத்தில் தவறான எண்ணைத் தரும். இரண்டு கோணங்களில் அறையின் கொள்ளளவை வரைந்து அளக்கும் சிம்ப்சன் முறை மேல், முப்பரிமாண எக்கோ இன்னும் மேல். நாடி ஒழுங்கில்லாமல் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இருந்தால் ஐந்து துடிப்புகளாவது அளந்து சராசரி எடுக்க வேண்டும்.

எக்கோ எடுக்கும்போது ரத்த அழுத்தம் எவ்வளவு இருந்தது என்பதையும் குறித்து வையுங்கள். அழுத்தம் 180 இருக்கும்போது மைட்ரல் லீக் பெரிதாகத் தெரியும், அயோர்ட்டிக் சுருக்கம் சிறிதாகத் தெரியலாம்.

ஸ்ட்ரெய்ன் என்று ஒரு அளவும் சில ரிப்போர்ட்டுகளில் வரும். தசை நீளவாக்கில் எவ்வளவு சுருங்குகிறது என்பது அது. மைனஸ் குறியோடு எழுதுவார்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. இ.எஃப். இன்னும் விழாத நிலையிலேயே இது குறையத் தொடங்கும், அதனால் முன்கூட்டியே எச்சரிக்கும்.

படி 3: அயோர்ட்டிக் சுருக்கமும் குறைந்த பம்பிங்கும் சேர்ந்தால்

எங்களைச் சுற்றவிட்டது இந்த இடம்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கடுமையான அயோர்ட்டிக் சுருக்கத்துக்கு மூன்று அளவுகோல்: வால்வின் இரு பக்கத்துக்கும் இடையே சராசரி அழுத்த வித்தியாசம் 40 மி.மீ. பாதரசம் அல்லது அதற்கு மேல், ரத்தம் பாயும் வேகம் நொடிக்கு 4 மீட்டர் அல்லது அதற்கு மேல், வால்வு திறக்கும் பரப்பு 1 சதுர செ.மீ. அல்லது அதற்குக் கீழ். பலமான இதயத்தில் இந்த மூன்றும் பெரும்பாலும் ஒத்துப்போகும். பலவீனமான இதயத்தில் முட்டிக்கொள்ளும். அப்பாவுக்கு அழுத்த வித்தியாசம் 24 தான், ஆனால் பரப்பு 0.7. முதல் இடத்தில் 24-ஐப் பார்த்தார்கள். இரண்டாவது இடத்தில் 0.7-ஐப் பார்த்தார்கள்.

தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் ஹோஸ் பைப்பின் முனையை விரலால் அடைத்தால் தண்ணீர் சீறிக்கொண்டு பாயும். மோட்டாரே மெதுவாக ஓடினால், அதே அளவு அடைத்தாலும் சீறாது. அழுத்த வித்தியாசம் ஓட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஓட்டம் பாதியானால் அழுத்த வித்தியாசம் கால்பங்காகிவிடும். எனவே பலவீனமான இதயத்தில் 24 என்ற எண்ணை வைத்து வால்வு பரவாயில்லை என்று சொல்லிவிட முடியாது. அதே சமயம், இதயம் வலுவில்லாமல் தள்ளுவதாலேயே ஓரளவு சுருங்கிய வால்வு முழுதாகத் திறக்காமல் பரப்பு 0.7 என்று காட்டவும் கூடும். அதைப் போலிக் கடுமை என்கிறார்கள். அந்த ஆளுக்கு வால்வை மாற்றினாலும் பெரிய பலன் இருக்காது.

இதைப் பிரித்துப் பார்க்கும் முன் அளவெடுப்பு சரியா என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். வால்வுக்குச் சற்றுக் கீழே உள்ள பாதையின் விட்டத்தை வைத்துத்தான் பரப்பைக் கணக்கிடுகிறார்கள், அந்த விட்டம் கணக்கில் வர்க்கமாகிறது. 20 மி.மீ. இருக்க வேண்டிய இடத்தில் 18 என்று அளந்தால், 1 சதுர செ.மீ. பரப்பு 0.8 ஆகிவிடும். வெறும் 2 மி.மீ. தவறு, ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்ற முடிவையே மாற்றிவிடும்.

அப்புறம் டோபுடமின் எக்கோ. டோபுடமின் என்ற மருந்தை நரம்பு வழியாகக் குறைந்த அளவில் ஏற்றுவார்கள். உடல் எடையில் கிலோவுக்கு நிமிடத்துக்கு 5 மைக்ரோகிராம் அளவில் தொடங்கி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை கூட்டி, 20-ஐத் தாண்டாமல் நிறுத்துவார்கள். மருந்து இதயத்தைக் கொஞ்ச நேரம் வலுவாகத் துடிக்க வைக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் எக்கோ எடுப்பார்கள். படபடப்பு வரும், சிலருக்கு நாடித் துடிப்பு தடுமாறலாம். அதனால் டாக்டர் பக்கத்தில் நின்றுதான் செய்ய வேண்டும். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அன்று காலை அதைப் போடலாமா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

முடிவு மூன்று விதமாக வரலாம். ஓட்டம் கூடி, அழுத்த வித்தியாசம் 40-ஐத் தொட்டு, பரப்பு 1-க்குக் கீழேயே நின்றால் சுருக்கம் நிஜமாகவே கடுமை. ஓட்டம் கூடியதும் பரப்பு 1-ஐத் தாண்டி, அழுத்த வித்தியாசம் 40-க்குக் கீழேயே இருந்தால் போலிக் கடுமை, முதல் சிகிச்சை தசைக்குத்தான். அப்பாவுக்கு ஒரு துடிப்பின் மொத்த ரத்தம் 46 மில்லியிலிருந்து 58 ஆனது, அழுத்த வித்தியாசம் 43-க்கு ஏறியது, பரப்பு 0.75-ஐத் தாண்டவில்லை. பாரம்தான் மாட்டைப் படுக்க வைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மூன்றாவது விதம், மருந்து ஏற்றியும் ஓட்டம் 20 சதவீதம்கூடக் கூடாமல் போவது. இதயத்தில் கையிருப்பு பலம் இல்லை என்பார்கள். இதைக் கேட்டதும் பல குடும்பங்கள் மனம் உடைந்துபோகின்றன. 2003-ல் வெளிவந்த பிரெஞ்சு ஆய்வு ஒன்றில், கையிருப்பு இருந்தவர்களில் ஆபரேஷனை ஒட்டி இறந்தவர்கள் 5 சதவீதம், இல்லாதவர்களில் 32 சதவீதம். கனமான எண்தான். ஆனாலும் அதைத் தாண்டி வந்தவர்களில் பலருக்கு இ.எஃப். நன்றாகவே ஏறியது. நெஞ்சைத் திறக்காமல் தொடை ரத்தக்குழாய் வழியாக வால்வு பொருத்தும் டாவி முறை வந்தபிறகு இன்னொரு கதவும் திறந்தது. கையிருப்பு இல்லை என்பது டாவிக்குப் பிந்தைய முடிவை அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை என்று 2018-ல் ஒரு ஆய்வு காட்டியது. பிரான்சின் ரூவான் நகரில் டாக்டர் அலென் கிரிபியே 2002-ல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இப்படி வால்வு பொருத்தினாரே, அந்த நோயாளியின் இதயமும் மிகவும் பலவீனப்பட்டு, ரத்த அழுத்தம் சரிந்த நிலையில்தான் இருந்தது. எனவே "கையிருப்பு இல்லை" என்று ரிப்போர்ட்டில் வந்ததும் ஃபைலை மூடிவிடாதீர்கள்.

டோபுடமின் பதில் சொல்லாத இடத்தில் சி.டி. ஸ்கேன் உதவும். சாயம் ஏற்றாமலே வால்வில் படிந்த கால்சியத்தை ஒரு ஸ்கோராகக் கணக்கிட்டுச் சொல்லும். பெண்களுக்கு 1200-க்கு மேல், ஆண்களுக்கு 2000-க்கு மேல் போனால் கடுமையான சுருக்கமாக இருக்க வாய்ப்பு அதிகம். இதயம் எவ்வளவு பலவீனமாக இருந்தாலும் இந்த எண் மாறாது. ருமாட்டிக் காய்ச்சலால் கெட்ட வால்வுக்கு மட்டும் இந்தக் கணக்கை அப்படியே பொருத்தக் கூடாது.

படி 4: லீக் என்றால் கணக்கே வேறு

மைட்ரல் லீக்கில் இ.எஃப். நம்மை ஏமாற்றும். கீழறை 170 மில்லியில் 100 மில்லியைத் தள்ளுகிறது, கிட்டத்தட்ட 59 சதவீதம், பார்க்க அழகான எண். அதில் 50 மில்லி அழுத்தம் குறைந்த மேலறைக்கே திரும்பிவிடுகிறது. உடம்புக்குப் போனது 50 தான். பின்வாசல் திறந்திருப்பதால் தசைக்கு வேலை சுலபம். வால்வைச் சரிசெய்து அந்த வாசலை அடைத்ததும் உண்மையான பலம் வெளிப்படும், இ.எஃப். இறங்கும். அதனால்தான் வால்வே கெட்டுப்போன மைட்ரல் லீக்கில் இ.எஃப். 60-க்கு வந்தாலே, அல்லது சுருங்கிய நிலையிலும் அறையின் விட்டம் 40 மி.மீ. ஆகிவிட்டாலே, தசை களைக்கத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்கிறார்கள். "60 இருக்கிறதே, இன்னும் காத்திருக்கலாம்" என்று நாமாக முடிவெடுப்பது ஆபத்து.

அயோர்ட்டிக் லீக்கில் அந்தக் கோடு இ.எஃப். 55, சுருங்கிய நிலை விட்டம் 50 மி.மீ. அருகே வருகிறது. உடல் சிறிய பெண்களுக்கு இந்த விட்டக் கணக்கு தாமதமாகத்தான் மணியடிக்கும். உடல் பரப்போடு வகுத்துச் சொல்லச் சொல்லுங்கள்.

இன்னொரு வகை உண்டு. வால்வு நன்றாகத்தான் இருக்கும். மாரடைப்பாலோ வேறு நோயாலோ அறை விரிந்துபோய், வால்வின் இதழ்கள் ஒன்றையொன்று தொட முடியாமல் லீக் ஆகும். இங்கே மாட்டுக்குத்தான் முதலில் சீக்கு. இதய பலவீனத்துக்கான மாத்திரைகளை முழு அளவில் சில மாதங்கள் கொடுத்தாலே சிலருக்கு லீக் குறைந்துவிடும். குறையாதவர்களுக்கு இதழ்களைக் கிளிப் போட்டுச் சேர்க்கும் முறை இருக்கிறது. 2018-ல் வந்த இரண்டு பெரிய ஆய்வுகளில் கோஆப்ட் ஆய்வு பெரிய பலன் காட்டியது. கிளிப் போட்டவர்களில் இரண்டு வருடத்தில் இறந்தவர்கள் 29 சதவீதம், போடாதவர்களில் 46. மித்ரா எஃப்.ஆர். ஆய்வு எந்த வித்தியாசமும் காட்டவில்லை. யாருக்குப் போடுகிறோம், அதற்கு முன் மாத்திரை முழுதாகக் கொடுத்தோமா என்பதில்தான் வேறுபாடு என்று பலர் நினைக்கிறார்கள். அந்த விளக்கம் எனக்கும் நியாயமாகப் படுகிறது.

படி 5: தசைக்கு வேறு சீக்கு உண்டா?

பலவீனத்துக்கு வால்வு மட்டுமே காரணம் என்று ஒத்துக்கொள்ளும் முன் மற்றதையெல்லாம் தேட வேண்டும். முதலில் ஆஞ்சியோகிராம். ரத்தக்குழாயில் அடைப்பு இருந்தால் அதே ஆபரேஷனில் பைபாஸும் சேர்த்துச் செய்யலாம். சாயம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்பதால் கிரியாட்டினின் பார்த்த பிறகே எடுப்பார்கள்.

இதய எம்.ஆர்.ஐ. கிடைத்தால் எடுத்துவிடுவது நல்லது என்பது என் எண்ணம். தசையில் எவ்வளவு தழும்பாகிவிட்டது, எவ்வளவு உயிரோடு இருக்கிறது என்பதை இதைப் போல வேறு எதுவும் காட்டாது. தழும்பான பகுதி பாரத்தை இறக்கினாலும் எழாது. வயதானவர்களில் அமிலாய்டு என்ற புரதம் படிந்து தசை இறுகியிருந்தாலும் இதில் தடயம் கிடைக்கும். அயோர்ட்டிக் சுருக்கம் உள்ள முதியவர்களில் இது நினைப்பதைவிட அதிகம்.

நாடி பல வாரம் வேகமாக ஓடினாலே இ.எஃப். விழும். அதை அடக்கினால் தானே ஏறும். தைராய்டு, ரத்தசோகை, மது இவற்றையும் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

படி 6: வலது பக்கத்தை மறக்காதீர்கள்

எல்லோரும் இடது இ.எஃப். பற்றியே பேசுவார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு ஐ.சி.யு.வில் திணறவைப்பது பல சமயம் வலது கீழறைதான். ரிப்போர்ட்டில் டாப்ஸி என்ற அளவைத் தேடுங்கள். 17 மி.மீ.க்குக் கீழே இருந்தால் வலது பக்கம் பலவீனம். நுரையீரல் ரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தால் கழுத்து அல்லது தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டு அதை நேராக அளப்பார்கள். கால் வீக்கம், வயிறு உப்பல், கல்லீரல் பரிசோதனையில் பிலிருபின் ஏறியிருப்பது எல்லாம் வலது பக்கம் நிரம்பி வழிவதன் அறிகுறி.

படி 7: இதயத்துக்கு வெளியே

என்.டி. ப்ரோ பி.என்.பி. என்ற ரத்தப் பரிசோதனை இதயம் எவ்வளவு இழுபடுகிறது என்று சொல்லும். சிறுநீரகம், நுரையீரல், சர்க்கரை, அல்புமின் எல்லாம் பார்ப்பார்கள். பல் டாக்டரிடம் அவசியம் போங்கள். சொத்தைப் பல்லிலிருந்து கிருமி புது வால்வில் ஏறினால் உயிருக்கே ஆபத்து.

உடலின் தெம்பை அளக்கப் பெரிய மெஷின் வேண்டாம். ஐந்து மீட்டர் தூரத்தை வழக்கமான நடையில் கடக்க ஆறு நொடிக்கு மேல் ஆகிறதா என்று பார்ப்பார்கள். வீட்டிலேயே நடக்கவிட்டுப் பாருங்கள். தவறி விழாமல் பக்கத்தில் ஒருவர் நிற்கட்டும்.

படி 8: ரிஸ்க் எவ்வளவு, யார் முடிவெடுப்பது

யூரோஸ்கோர் 2, எஸ்.டி.எஸ். ஸ்கோர் என்று இரண்டு கணக்குகள் பயன்பாட்டில் இருக்கின்றன. வயது, கிரியாட்டினின், இ.எஃப். போன்றவற்றைப் போட்டால் ஒரு சதவீதம் வரும். 6 என்று வந்தால், இதே நிலையில் உள்ள 100 பேரில் 6 பேர் ஆபரேஷனை ஒட்டி இறக்கக்கூடும் என்று அர்த்தம். யூரோஸ்கோர் 2-ல் இ.எஃப். 31 முதல் 50 வரை ஒரு கட்டம், 21 முதல் 30 வரை அடுத்தது, 20-ம் அதற்குக் கீழும் கடைசி. இந்தக் கணக்குகளில் தழும்பு, கையிருப்பு பலம், ஆளின் மனத்தெம்பு எதுவும் கிடையாது. ஆபரேஷன் செய்யாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் அவை சொல்லாது. அதை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

இதய டாக்டர், சர்ஜன், மயக்க மருந்து டாக்டர், எக்கோ பார்த்தவர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசினார்களா என்று கேளுங்கள். அவர்களிடம் கேட்க நாங்கள் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போன கேள்விகள் இவை: பலவீனத்துக்கு வால்வுதான் காரணம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மாற்றிய பிறகு இ.எஃப். ஏற வாய்ப்பு எவ்வளவு? டாவியா, ஓபன் ஆபரேஷனா, எங்களுக்கு ஏன் இது? ஆபரேஷன் முடிந்து இதயம் சோர்ந்தால் அதற்குத் துணை நிற்கும் கருவிகளான பலூன் பம்ப், எக்மோ இங்கே தயாராக இருக்கிறதா? இவ்வளவு பலவீனமான இதயத்தோடு வருகிறவர்களுக்கு இங்கே அடிக்கடி செய்கிறீர்களா? கடைசிக் கேள்வியைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். நல்ல சர்ஜன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

படி 9: தேதி குறித்த பிறகு

நுரையீரலிலும் காலிலும் நீர் தேங்கியிருந்தால் முதலில் அதை வடியவிட்டு, பிறகுதான் ஆபரேஷன். தினமும் காலையில் எடை பார்த்து எழுதி வையுங்கள். மாத்திரை விஷயத்தில் சொந்த முடிவு கூடாது. குறிப்பாக, சர்க்கரைக்கும் இதய பலவீனத்துக்கும் தரப்படும் டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் மாத்திரைகளை ஆபரேஷனுக்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். சர்க்கரைக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு ஒரு டாக்டர் என்று பார்க்கும்போது இது நழுவிவிடும். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமைக்கான மருந்துகளை எப்போது நிறுத்துவது என்றும் எழுதி வாங்குங்கள். அயோர்ட்டிக் சுருக்கம் கடுமையாக உள்ளவர்கள் நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையைத் தாங்களாகப் போட்டுக்கொள்ளக் கூடாது, அழுத்தம் சட்டென்று சரிந்துவிடும்.

எக்கோ வீடியோக்கள், ஆஞ்சியோ சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள் எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிரிண்ட் எடுத்த ரிப்போர்ட்டை மட்டும் வைத்து இன்னொரு டாக்டர் எதையும் மறுபடி அளக்க முடியாது.

வால்வு மாற்றி ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதத்துக்குள் ஒரு முழு எக்கோ எடுக்க வேண்டும். புது வால்வின் அடிப்படை அளவு அதுதான், இனி வருடா வருடம் அதோடுதான் ஒப்பிடுவார்கள். அப்பாவுக்கு பத்தாவது வாரம் எடுத்தோம். இ.எஃப். 42. மாத்திரைகள் தொடர்கின்றன, அடுத்த எக்கோ ஆறு மாதம் கழித்து.